மேற்குச் சரிவில் ஒரு வறண்ட குழாய்

அழுதுவிடாதே. தயவுசெய்து என் முன்னால் மட்டும் அழுதுவிடாதே. நீ அழுதால் நானும் உட்கார்ந்து அழுதுவிடுவேன். அப்புறம் இந்த வேலையைச் செய்ய ஆளே இருக்காது.

எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த புல்டோசர் டிரைவரின் மனைவிக்கு, துப்பறிகிறவளின் மனதில் ஓடியது காதில் விழுந்த மாதிரி இருந்தது. கண்களை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஆறு மணிக்குக் கையெழுத்துப் போடப் போறாராம். 'நான்தான் மேலேர்ந்து கீழே மண்ணைத் தள்ளினேன், அதான் சரிஞ்சது'ன்னு எழுதி வச்சிருக்காங்களாம். போட்டுட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்னு யாரோ சொல்லியிருக்காங்க. இவரும் சரின்னுட்டாரு. புல்லு நட்டுட்டிருந்த ரெண்டு பொம்பளைங்க மண்ணுக்குள்ள போனதைப் பார்த்ததிலேர்ந்து எதுக்கும் சரிதான். சாப்பிடுறீங்களான்னா சரி. செத்துடலாமான்னு கேட்டாலும் சரின்னுடுவாரு மேடம்."

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்னத் துப்பறியும் அலுவலகத்தில் கடிகாரம் ஒன்றே காலைக் காட்டியது. ஜன்னலுக்கு வெளியே வானம் கழுவாத பாத்திரம் மாதிரி கிடந்தது. சாயங்காலம் மறுபடியும் கனமழை என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள்.

துப்பறிகிறவள் நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டாள். எழுதுவதற்கு ஒன்றுமில்லை. எல்லாம் அவளுக்குத் தெரிந்த கதைதான். நகரத்துக் குப்பைமேடு நிரம்பி, மலையாகி, போன வருஷம் அதை மூடினார்கள். மேலே கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் மேல் மழைத்தண்ணீர் இறங்கி ஓட ஒரு பிளாஸ்டிக் வலை. வலை மேல் இரண்டடி மண், மண் மேல் புல். நான்கு நாளுக்கு முன், மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு, கிழக்குச் சரிவில் அந்த மண் முழுக்க ஒரே வீச்சில் கழன்று இறங்கியது. மேற்குச் சரிவின் அடிவாரத்தில் நாற்பது வீடுகள். அந்த வீட்டுக்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். டிரைவர் தன் தப்புதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், மலைமேல் குற்றமில்லை. மற்ற சரிவுகளுக்கு ஆபத்தில்லை. ஆறு மணிக்கே வேன்களில் ஏற்றி நாற்பது குடும்பத்தையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த நாற்பதில் பதினேழாவது வீடு அவளுடையது. ஏழு வயது மகள் இந்த நேரம் பள்ளிக்கூட ஹாலில் பக்கத்து வீட்டம்மாவின் மடியில் படுத்து இருமிக்கொண்டிருப்பாள்.

வீட்டுக்குப் போகலாம் என்ற செய்தி காலையில் வந்தபோது அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைக்க இப்போது வெட்கமாக இருந்தது.

"போய்ப் பார்க்கிறோம்," என்றாள்.

டிரைவரின் மனைவி படியிறங்கும் சத்தம் அடங்கியதும், மூலையிலிருந்து குரல் வந்தது.

"மேடம், ஒரு சந்தேகம். மலையை மூட பிளான் வரைஞ்ச என்ஜினியர் உங்க அக்கா. மலைக்குக் கீழே குடியிருக்கிறது நீங்க. கேஸை எடுத்துக்கிறதும் நீங்க. நடுவுல நான் ஒருத்தன்தான் வெளியாளு. நான் வேணா துப்பறியட்டுமா, நீங்க எனக்கு உதவியாளரா வாங்க."

அதுதான் விசில். இருபத்தெட்டு வருஷம் பேருந்து நடத்துனராக இருந்து, முழங்கால் போனதும் அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். பேருந்தில் ஏறும் ஆள் எந்த நிறுத்தத்தில் டிக்கெட் எடுக்காமல் இறங்கப் போகிறான் என்று முகத்தைப் பார்த்தே சொன்னவன். வாய்க்கு மட்டும் நிறுத்தமே கிடையாது.

"அக்கா வரைஞ்சது சரியாத்தான் இருக்கும்," என்றாள் அவள்.

"அதை அக்காகிட்டயே கேட்டா முடிஞ்சுதே?"

"நாலு நாளா போனை எடுக்கல."

விசில் பைக் சாவியை எடுத்துக்கொண்டான்.

அக்கா எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவள். வாசல் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவள். பதினோரு வயது மூத்தவள்; அம்மா போன பிறகு தங்கைக்குத் தலை வாரி, சோறு போட்டு, பள்ளிக்கூடப் படிவத்தில் பெற்றோர் இடத்தில் கையெழுத்துப் போட்டவள். அவள் தப்பு செய்திருப்பாள் என்று நினைப்பது, கீழே இருக்கும் தரை இல்லை என்று நினைப்பது மாதிரி. தங்கையால் அது முடியவில்லை. தப்பு காண்ட்ராக்டருடையதாகத்தான் இருக்க வேண்டும். மட்டமான விரிப்பு, கூலி மிச்சம் பிடித்த ஏதோ ஒரு வேலை. அதைக் கண்டுபிடித்தால் டிரைவரும் பிழைப்பான், அக்காவும் போனை எடுப்பாள்.

அப்படித்தான் அவள் அந்த மலைக்குப் போனாள்.

*

கிழக்குச் சரிவு தோல் உரித்த மாதிரி இருந்தது. மேலிருந்து கீழ்வரை கறுப்பு விரிப்பு மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. அதன் மேலிருந்த வலை, மண், புல் எல்லாம் அடிவாரத்தில் மடிந்து மடிந்து குவிந்து கிடந்தன. குவியலின் ஓரத்தில் பாதி புதைந்து புல்டோசர். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் விசிலுக்குத் தெரிந்தவர். "அஞ்சு நிமிஷம், வண்டியைத் தொடக் கூடாது," என்று விலகிக்கொண்டார்.

"தொட மாட்டோம் சார். அது கடிக்கிற ஜாதி," என்றான் விசில். குவியலைச் சுற்றி நொண்டி நொண்டி நடந்தான். முன்னால் போய்க் குனிந்து பார்த்தான். பின்னால் வந்து பார்த்தான்.

"மேடம், இந்த வண்டி எங்க போயிட்டிருந்துச்சு?"

"மேலேர்ந்து மண்ணைத் தள்ளிட்டு இறங்கினதா எழுதியிருக்காங்க."

"அப்போ ரிவர்ஸ்லயா மண்ணு தள்ளினாரு?"

அவள் பார்த்தாள். புல்டோசரின் முன்தகடு மலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தகட்டின் உள்வளைவில் மண் இறுகி அப்பியிருந்தது. பின்பக்கம் சுத்தம்.

"மழை அரிச்ச பள்ளத்துல மண்ணு நிரப்பத்தான் ஏறியிருக்காரு. ஆனா கீழேர்ந்து மேல," என்றான் விசில். "வண்டி எந்தப் பக்கம் மூஞ்சியை வச்சிருக்கோ அந்தப் பக்கம்தான் போகும். இது தெரியறதுக்கு என்ஜினியரிங் படிக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டுல ஒரு நாள் நின்னா போதும்."

கீழிருந்து மேலே. அதுதான் சரியான முறை என்று அக்கா ஒருமுறை சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. அப்போது இருவரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஒரு தலையணையைச் சாய்த்து வைத்து, மேலே துண்டைப் போட்டுக் காட்டினாள். "பாரு குட்டி, துண்டு நிக்கிறது தலையணையைப் பிடிச்சிருக்கிறதால. அவ்வளவுதான் விஷயம். மண்ணை அடியிலேர்ந்து போட்டுட்டு வந்தா கீழ் மண்ணு மேல் மண்ணைத் தாங்கும். மேலேர்ந்து தள்ளினா பிடியை நாமளே பிடுங்கி விடுறோம். எல்லாத்தையும் விட மோசம் தண்ணி. நடுவுல தண்ணி தேங்கிடுச்சுன்னா மண்ணு மிதக்க ஆரம்பிக்கும். அப்புறம் பிடியாவது ஒண்ணாவது. அதனாலதான் வலை. வந்த தண்ணி வந்த வேகத்துல அடிவாரத்துக்கு ஓடிடணும்."

டிரைவர் சரியாகத்தான் தள்ளியிருக்கிறான். அப்படியானால் தண்ணீர். தண்ணீர் ஏன் ஓடவில்லை?

சரிந்த பக்கத்தின் அடிவாரம் பத்தடி மண்ணுக்குக் கீழே புதைந்து கிடந்தது. அங்கே கேட்டுப் பிரயோஜனமில்லை.

"மேற்குப் பக்கம் போவோம்," என்றாள். "அதே விரிப்பு, அதே வலை, அதே ஆளுங்க கட்டினது."

"இன்னும் விழாத சாட்சி," என்றான் விசில். வழக்கமாக அவன் பேச்சுக்குப் பின்னால் வரும் சிரிப்பு வரவில்லை.

*

மணி மூன்றரை. மேற்கு அடிவாரத்தில் நாற்பது வீடுகளும் பூட்டிக் கிடந்தன. யாரோ கொடியில் எடுக்க மறந்த குழந்தைச் சட்டை நான்கு நாளாக நனைந்து தொங்கியது. அவள் தன் வீட்டுப் பக்கம் பார்க்காமல் நடந்தாள்.

சரிவு பார்க்க அழகாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. மேலே புல் சாதாரணப் பச்சை. கீழ் மூன்றிலொரு பாகத்தில் மட்டும், கோடு போட்டு நிறுத்தின மாதிரி, கொழுத்த கரும்பச்சை.

"இதுக்கு மட்டும் யாரு தனியா ஊட்டி விட்டது?" என்றான் விசில்.

அவள் கரும்பச்சையின் மேல் ஒரு காலை வைத்தாள். மண், ஈரப் பஞ்சு மாதிரி அமுங்கியது. காலை எடுத்ததும் தடத்தில் தண்ணீர் ஊறி நிரம்பியது.

அடிவாரத்தில் இருபதடிக்கு ஒன்றாகக் கான்கிரீட் குடை போட்ட குழாய் வாய்கள் வரிசையாக இருந்தன. மலை குடித்த மழையைத் துப்ப வேண்டிய வாய்கள். விசில் முதல் குழாயின் முன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உள்ளே டார்ச் அடித்தான்.

"மேடம், இங்க ஒருத்தர் குடியிருக்காரு."

குழாய் வாயை முழுக்க அடைத்து ஒரு சிலந்தி வலை. நடுவில் சிலந்தி, சௌகரியமாக. வலையில் மாட்டிய பூச்சிகள் பழையவை, காய்ந்து தூளானவை. குழாயின் அடியில் தூசி.

அடுத்த குழாய். காய்ந்த சருகு. அதற்கடுத்தது. எறும்புப் புற்று.

"மூணு நாள் ஊரே மிதந்துச்சு," என்றான் விசில் மெதுவாக. "இவரு மட்டும் நனையாம குடும்பம் நடத்தியிருக்காரு."

மலைக்குள் போன தண்ணீர் வெளியே வரவே இல்லை. அப்படியென்றால் அது எங்கே? இதோ, தலைக்கு மேலே. விரிப்புக்கும் மண்ணுக்கும் நடுவில். இன்றைய மழைக்காகக் காத்துக்கொண்டு.

பக்கத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்து, குழாய்க்குச் சற்று மேலே, வலையிலிருந்து இறங்கும் தண்ணீரைக் குழாய்க்குக் கொண்டுவரும் ஜல்லி இருக்க வேண்டிய இடத்தில் குத்தினாள். ஜல்லியில் குத்தினால் கரகரவென்று கேட்க வேண்டும். இது சத்தமே போடாமல், வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. முனையில் ஒட்டி வந்தது வழுவழுப்பான மஞ்சள் களிமண்.

"இது மலையோட மண்ணு இல்ல," என்றாள். "யாரோ கொண்டு வந்து அடைச்சிருக்காங்க. எல்லா வாயையும்."

"வேணும்னேவா?"

"தானா நடந்து வந்து அடைச்சுக்குமா?"

கோபம் வந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. ஒரு ஆள் இருக்கிறான். ஒரு கை இதைச் செய்திருக்கிறது. அந்தக் கையைப் பிடித்தால் போதும்.

*

மேஸ்திரியின் தகரக் கொட்டகை மலையின் வாசலில் இருந்தது. அறுபது வயது, வெறுங்கால், சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு. கிழக்கும் மேற்கும் அவர் ஆட்களை வைத்து அவர் கட்டியது. இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவள் களிமண்ணை மேஜையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"அண்ணே, இதை யாரு அடைக்கச் சொன்னது?"

"எனக்குத் தெரியாதும்மா."

"உங்களுக்குத் தெரியாம உங்க சைட்ல ஒரு கூடை மண்ணு நகராதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"தெரியாதுன்னா விடேம்மா." குரல் கெஞ்சியது. "நான் அடைச்சேன்னு எழுதிக்கோ. வயசான காலத்துல எனக்கு என்ன ஆகப்போகுது."

விசில் இதற்குள் சுவரில் இருந்த ஒரு வளைந்த கம்பியை முறைத்துக்கொண்டிருந்தான். கம்பி நிறையச் சீட்டுகள் குத்தியிருந்தன. அச்சடித்த எண்ணோடு கூடிய சின்னச் சின்ன மஞ்சள் சீட்டுகள்.

"இது என்னண்ணே, பஸ் டிக்கெட் மாதிரி?"

மேஸ்திரிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது போல. "என்ஜினியருங்க எழுதிக் கொடுக்கிற சீட்டு. நான் வாய்ச்சொல்லுக்கு மண்வெட்டியைத் தொட மாட்டேன் தம்பி. ஒரு தடவை தொட்டேன். 'இடி'ன்னு வாயால சொன்னான் ஒருத்தன், இடிச்சேன். அப்புறம் நான் சொல்லவே இல்லைன்னுட்டான். ஒன்றரை வருஷம் வேலை இல்ல. அன்னைலேர்ந்து சீட்டு இருந்தா வேலை. இல்லன்னா இல்ல."

"நல்ல பழக்கம்," என்ற விசில் கம்பியிலிருந்த சீட்டுகளைக் கட்டைவிரலால் விசிறினான். இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தில் விரல் தானாக ஓடியது. ஓடிய விரல் ஒரு இடத்தில் நின்றது. திரும்பி வந்து மறுபடியும் ஓடியது. மறுபடியும் அங்கேயே நின்றது.

"அறுபத்தி ஒண்ணு. அறுபத்தி ரெண்டு. அறுபத்தி நாலு," என்றான். "அண்ணே, அறுபத்தி மூணு எந்த ஸ்டாப்புல இறங்கினாரு?"

மேஸ்திரியின் கை சட்டைப் பைமேல் போய் நின்றது. கூரைத் தகரத்தில் முதல் தூறல் விழும் சத்தம் கேட்டது. நாலே முக்கால்.

அவள் அவர் எதிரே குந்தி உட்கார்ந்தாள். "அண்ணே, மேற்குப் பக்கம் முழுக்கத் தண்ணியைக் கட்டிட்டு நிக்குது. ஆறு மணிக்கு நாற்பது வீட்டுக்கும் ஆளுங்களைத் திருப்பி அனுப்புறாங்க. என் பொண்ணையும்தான். காரணம் தெரியாம அதை நிறுத்த மாட்டாங்க. ரெண்டு பேரை ஏற்கெனவே புதைச்சாச்சு."

கிழவர் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, கண்ணாடிக்குக் கீழே பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருந்த மஞ்சள் சீட்டை எடுத்து நீட்டினார்.

"நல்ல பொண்ணும்மா அது. எங்க ஆளுங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும். அதுக்குக் கெடுதல் வரக்கூடாதுன்னுதான்..."

எழுத்தைப் படிப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடப் படிவங்களில் பார்த்த அதே சாய்ந்த எழுத்து.

'நாற்றம் குறைய, அடிவார ஜல்லி வாய்களை நான்கு பக்கமும் களிமண்ணால் மூடவும். தற்காலிகம். மழைக்கு முன் திறக்கவும்.' கீழே அக்காவின் கையெழுத்து. கோடை நடுவில் ஒரு தேதி.

"குப்பைக்குள்ள இருக்கிற வாயு அந்த ஜல்லி வழியா கசிஞ்சு நாறிச்சு," என்றார் மேஸ்திரி. "அடைச்சோம், நாத்தம் போச்சு. அடுத்த வாரமே அந்தப் பொண்ணை வேற ஊரு வேலைக்கு மாத்திட்டாங்க."

"'மழைக்கு முன் திறக்கவும்'னு எழுதியிருக்கே அண்ணே? ஏன் திறக்கல?"

"மழைக்கு முன்னன்னா என்னைக்கும்மா? மூடுறதுக்குச் சீட்டு வந்துச்சு. திறக்கிறதுக்கும் தேதி போட்டு ஒரு சீட்டு வரும்னு இருந்தேன். வரல. மழை ரெண்டு வாரம் முன்னாடியே வந்துடுச்சு." அவர் தன் இரண்டு கைகளையும் புரட்டிப் பார்த்துக்கொண்டார். "சீட்டு இல்லாம நான் எதையும் தொட்டதில்லம்மா."

அக்கா. வாசல் கதவை இரண்டு முறை இழுத்துப் பார்க்கும் அக்கா. அவள் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை சரிபார்க்கிறவள் எப்படி இதை யோசிக்காமல் எழுதினாள்? யார் அவளை அவசரப்படுத்தினார்கள்? காண்ட்ராக்டரா? கடைசி நம்பிக்கை மாதிரி அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரோ மிரட்டி எழுத வச்சிருக்கணும். அப்போ கூட யாராவது இருந்தாங்களா?"

"மிரட்டலா? சேச்சே. போன் பேசிட்டேதான் எழுதிச்சு. இதோ, இந்த ஸ்டூல்லதான் உட்கார்ந்திருந்துச்சு. முதல்ல 'முடியாது, முடியாது, தண்ணிக்கு அதான் வழி'ன்னுதான் சொல்லிட்டிருந்துச்சு. அந்தப் பக்கம் யாரோ ரொம்ப அழுதாங்க போல. அப்புறம் இதுக்கும் கண்ணு கலங்கிடுச்சு. 'சரி குட்டி, அழாதே, மூடிடறேன், இன்னைக்கே மூடிடறேன்'னு சொல்லிட்டே எழுதிக் கிழிச்சுக் கொடுத்துச்சு."

விசிலுக்குத் தெரியும். 'குட்டி' என்று அக்கா அவளை அழைப்பதை அலுவலகத்தில் போன் ஸ்பீக்கரில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். அவன் கம்பியில் இருந்த சீட்டுகளை ஒழுங்கு செய்வதுபோல் திரும்பிக்கொண்டான்.

கோடையில் ஒரு மத்தியானம். ஜன்னலையெல்லாம் அடைத்தும் வீட்டுக்குள் அந்த அழுகல் வாடை. மகளுக்கு இழுப்பு வந்து, விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன, உதடு நீலம் பாரித்தது. நெபுலைசரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையில் போன். 'நீ கட்டின மலைதான்க்கா அது. என் பொண்ணு செத்துட்டா அது மேலேயே புதைச்சிக்கோ.' அப்படித்தான் சொன்னாள். மறுநாள் வாடை நின்றிருந்தது. மகள் ராத்திரி முழுக்கத் தூங்கினாள். அவள் அக்காவுக்கு நன்றி சொல்லக்கூட மறந்துபோனாள். என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. துப்பறிகிறவள், கேட்கவே இல்லை.

தேடிக்கொண்டு வந்த கை இதுதானா? அவள் தன் கையைப் பார்த்தாள்.

"மேடம்." விசிலின் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "அஞ்சு அடிக்கப் போகுது."

அவள் எழுந்தாள். சீட்டைப் படம் பிடித்து, டிரைவர் கேஸைப் பார்க்கும் இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினாள். "மேற்குச் சரிவும் விழும். ஆட்களை அனுப்பாதீர்கள். நேரில் வாருங்கள்" என்று கீழே எழுதினாள். பதில் வரவில்லை.

"நீ பைக்கை எடுத்துட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போ. வேன் ஒண்ணுகூடக் கிளம்பக் கூடாது."

"யாரு சொன்னான்னு கேப்பாங்களே?"

"என்ன வேணா சொல்லு. குறுக்கே படு."

"இருபத்தெட்டு வருஷம் 'ரைட், ரைட்'னு வண்டியைக் கிளப்பி விட்டவன்," என்றான் விசில், சட்டைப் பையிலிருந்து பழைய ஊதலை எடுத்தபடி. "இன்னைக்கு ஒரே ஒரு ஹோல்டான். கேக்காம போயிடுவாங்களா பார்க்கிறேன்." வாசலில் நின்று திரும்பினான். "மேடம், குழந்தைக்கு மூச்சு முட்டினா எவளா இருந்தாலும் அழத்தான் செய்வா." பதிலுக்குக் காத்திராமல் மழைக்குள் நொண்டி ஓடினான்.

*

அவள் மேஸ்திரியோடு மேற்கு அடிவாரத்துக்கு வந்தபோது, அங்கே ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தது.

மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண், ஓரத்தில் இருந்த கடைசிக் குழாய்க்கு மேலே முழங்காலிட்டு, மண்வெட்டியால் களிமண்ணை வெட்டி வெட்டி எறிந்துகொண்டிருந்தாள். வெட்டிய இடத்திலிருந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர் பீறிட்டது. பக்கத்தில் பயணப் பை சேற்றில் கிடந்தது.

"அக்கா!"

அக்கா திரும்பினாள். நான்கு நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"பக்கத்துல வராதே. மேலே நிக்குது தண்ணி," என்றாள். "ஓரத்துலேர்ந்து ஒவ்வொண்ணாத்தான் திறக்கணும். நடுவுல வெட்டினா மொத்தமா இறங்கிடும்." பிறகு மேஸ்திரியிடம், "அண்ணே, சீட்டு வேணுமா?" என்றாள். அது கேலியா அழுகையா என்று தெரியவில்லை.

கிழவர் மண்வெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சீட்டு கேட்கவில்லை. வெட்ட ஆரம்பித்தார்.

அக்கா தங்கையைத் தூர இழுத்துக்கொண்டு போனாள். சேற்றுக் கை மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்திருந்தது.

"நாலு நாளா கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். வேற ஏதாவது காரணமா இருக்கட்டும்னு. இல்ல. நம்ம களிமண்ணுதான். ஜனங்களைத் திருப்பி அனுப்புறாங்கன்னு காலையில தெரிஞ்சதும் பஸ் ஏறிட்டேன்." மூச்சு வாங்கியது. "நான் சொல்லிடறேன். மூடச் சொன்னது நான். திறக்க ஆளை அனுப்பாதது நான். எந்தத் தண்டனை வேணா கொடுக்கட்டும். ஆனா நீ போன் பண்ணினது வெளியே வரக் கூடாது."

"அக்கா..."

"கேளு. நீ சும்மா அழுதே, அவ்வளவுதான். முடிவு எடுத்தது நான். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல யாராவது உன் பொண்ணைப் பார்த்து 'உனக்காகத்தான் ரெண்டு பேர் செத்தாங்க'ன்னு சொன்னா? ஏழு வயசுடி. அதையும் சுமந்துட்டு மூச்சு விடணுமா அது? நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. இதை ஒண்ணு கேக்கறேன்."

உண்மைதான். எதுவும் கேட்டதில்லை. அவளுக்குச் சரி என்று சொல்லிவிட எத்தனை ஆசையாக இருந்தது. மகளின் முகம், அக்காவின் முகம், இரண்டும் அந்த ஒரு சொல்லைத்தான் கேட்டன. டிரைவரைப் போல எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டு எங்காவது போய்ப் படுத்துவிடலாம்.

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் குடையை விரித்தபடி இறங்கினார். குழாயிலிருந்து பீறிடும் தண்ணீரைப் பார்த்தார்.

"வேனை நிறுத்திட்டேன்," என்றார். "நிறுத்திட்டேன்னா, நான் சொல்றதுக்கு முன்னாடியே உங்க ஆளு ஒருத்தன் முதல் வேனுக்கு முன்னாடி படுத்துக்கிட்டு விசில் ஊதிட்டிருந்தான். டிரைவர் கையெழுத்தையும் தள்ளி வச்சிருக்கேன். ஆனா ஒரு ராத்திரிக்கு மேல என்னால முடியாது. காண்ட்ராக்டரோட வக்கீல் இப்பவே போன்ல. இந்தச் சீட்டு டிரைவரைக் காப்பாத்த நேத்து எழுதினதாம். அடைச்சது மேஸ்திரி, அவரு பேச்சு எடுபடாது. அன்னைக்கே எழுதினதுதான்னு வேற யாரு சொல்லுவா?"

"நான் சொல்றேன். எழுதினது நான்தான்," என்றாள் அக்கா.

"நீங்க சொன்னா போதாதும்மா. டிரைவர் மேல பரிதாபப்பட்டுப் பழியை ஏத்துக்கறீங்கம்பாங்க. சும்மா இருந்த ஜல்லியை எதுக்கு மூடுனீங்க? யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கல சார். நானாத்தான்." அக்காவின் விரல்கள் அவள் மணிக்கட்டில் இறுகின. வலித்தது.

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடப் போனார்.

அவள் தன் இன்னொரு கையை அக்காவின் கைமேல் வைத்தாள். பிறகு சேறு படிந்த அந்த விரல்களை, தூங்கும் குழந்தையின் பிடியை விடுவிப்பதுபோல், ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"இல்லக்கா," என்றாள். "சார், மூடச் சொல்லிக் கேட்டது நான்தான்."